குமாரசாமி ராஜாவும் மூன்று வழக்குகளும்

இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்தைக் கடக்கும்போதெல்லாம் என் நடை சற்றுத் தயங்கும். பி.எஸ். குமாரசாமி ராஜா பொதுப் பயனுக்கென அளித்துவிட்ட சொந்த வீடு அது. முதலமைச்சராக இருந்த ஒருவர் இருந்த வீட்டையும் கொடுத்தார் என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பத் தயங்குகிறார்கள்.

1898இல் இவ்வூரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். காந்தியடிகளையும் சத்தியமூர்த்தியையும் பின்பற்றிச் சிறை சென்றார். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாணப் பிரதமரானார். குடியரசு மலர்ந்ததும் அப்பதவி முதலமைச்சர் என்றாயிற்று.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு அவர் வாழ்வில் புரியாத பகுதி இனிதான் வருகிறது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அவரது அரசு கடுமையாக ஒடுக்கியது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார். தடுப்புக்காவல் சட்டத்தின் ஒரு பிரிவு மட்டுமே வீழ்ந்தது. அவருக்கு விடுதலை கிட்டவில்லை. அதே மே மாதத்தில், ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மாநிலத்துக்குள் நுழைய விதித்த தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வழக்கறிஞர் வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமென அறிவித்ததும் 1952 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நாட்டின் குடியுரிமைச் சட்டத்துக்கு அடித்தளமான இம்மூன்று வழக்குகளிலும் எதிர்த்தரப்பு சென்னை மாநிலமே.

குடியுரிமைகளைக் காக்க 1936இல் நேரு முன்னின்று, தாகூரைத் தலைவராகக் கொண்டு ஒரு சங்கம் தொடங்கியதும் இதே காங்கிரஸ் தலைமுறைதான். ராஜா கொடியவர் அல்லர். நான் அறிந்தவரை நேர்மையாளர். ஆனால் விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் நேர்மையாளர் கையிலும் அதே வேலையைத்தான் செய்தது. கைதியின் குடும்பத்துக்கு முதலமைச்சரின் எளிமையால் என்ன பயன்?

1952 தேர்தலில் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றார். உணவுத் தட்டுப்பாடும் ரேஷன் கெடுபிடியும் அதில் பங்கு கொண்டன என்பது என் கணிப்பு. சிறைக் கதவுகளை எண்ணி வாக்களித்தவர்கள் சிலரே இருந்திருப்பர். ஏப்ரலில் பதவியை இராஜாஜியிடம் விட்டு விலகினார். 1954இல் ஒரிசா ஆளுநரானார். உடல்நலம் குன்றி விலகி, 1957 மார்ச்சில் மறைந்தார்.