கென்னடி கொலை ஆவணங்களை வீட்டுக்குள் குவித்த கோழிப்பண்ணைக்காரர்! எதிரிக்கும் கதவை திறந்து விட்டார்

அமெரிக்க தலைநகர் வாஷிங்டனில் இருந்து சுமார் 75 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது பிரடெரிக் நகரம். அதை ஒட்டி மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. கென்னடி கொலை பற்றி படிக்க வந்ததாக சொன்னால் போதும், யாராக இருந்தாலும் உள்ளே விடுவார்கள். தரைக்கு கீழே இருந்த அறைக்கு வழி காட்டுவார்கள். அங்கே டஜன் கணக்கில் இரும்பு பீரோக்கள். எல்லாவற்றிலும் கட்டு கட்டாக காகிதம். பக்கத்திலேயே ஜெராக்ஸ் மிஷின்.

அந்த வீட்டுக்காரர் பெயர் ஹரால்டு வைஸ்பெர்க். போலீஸ் அதிகாரியும் இல்லை, பெரிய பேராசிரியரும் இல்லை. கோழி வளர்த்து பிழைத்தவர். ஜனாதிபதி கொலையில் அரசாங்கம் பூட்டி வைத்திருந்த காகிதங்களை கோர்ட்டு படி ஏறி ஏறி வெளியே கொண்டு வந்த ஆள் இவர்தான்.

வேலை பறிபோனது

1913-ம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்தவர். பெற்றோர் உக்ரைனில் இருந்து பிழைக்க வந்த யூதர்கள். இளம் வயதில் பத்திரிகை நிருபராக இருந்தார். பிறகு செனட் சபை கமிட்டி ஒன்றில் விசாரணையாளர் வேலை. தொழிற்சங்கங்களை ஒடுக்க முதலாளிகள் ஆள் வைத்து செய்த அக்கிரமங்களை தோண்டி எடுத்த கமிட்டி அது. காகிதத்தில் உண்மையை தேடும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

2-ம் உலகப்போரில் உளவுத்துறையில் வேலை. போர் முடிந்ததும் வெளியுறவுத்துறைக்கு போனார். 1947-ல் கம்யூனிஸ்டு பயம் அமெரிக்காவை ஆட்டிய நேரம். தேசவிசுவாசம் சரியில்லை என்று 10 பேரை வெளியுறவுத்துறை ஒரே போடாக நீக்கியது. அதில் இவரும் ஒருவர். என்ன குற்றம் என்று முறையாக சொல்லக்கூட இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு, அவர்களாகவே ராஜினாமா செய்ததாக மாற்றிக்கொடுத்தார்கள். ஆனால் போன வேலை போனதுதான். தனக்கு எதிரான காகிதத்தை தனக்கே காட்டவில்லை என்ற கோபம் அவரை கடைசி வரை விடவில்லை என்றுதான் நமக்கு தோன்றுகிறது.

மேரிலாந்து மாநிலத்தில் ஹயட்ஸ்டவுன் என்ற ஊரில் நிலம் வாங்கி கோழிப்பண்ணை போட்டார். கணவன், மனைவி இருவரும் கோழி சமையல் போட்டிகளில் பரிசு வாங்கும் அளவுக்கு தொழிலில் பேர் எடுத்தார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. ராணுவ ஹெலிகாப்டர்கள் தாழ்வாக பறந்ததில் கோழிகள் மிரண்டன. விடுவாரா மனுஷன்? அரசு மீதே கேஸ் போட்டார்.

63 நவம்பர் 22

1963 நவம்பர் 22-ந்தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். பிடிபட்ட ஆஸ்வால்டை 2 நாளில் ஜாக் ரூபி என்பவர் போலீஸ் நிலையத்திலேயே சுட்டுக்கொன்றார். குற்றவாளி என்று சொல்லப்பட்டவரே போய்விட்டதால் கேஸ் கோர்ட்டுக்கே வரவில்லை. தலைமை நீதிபதி வாரன் தலைமையில் கமிஷன் அமைத்தார்கள். 1964 செப்டம்பரில் 888 பக்க அறிக்கை வந்தது. ஆஸ்வால்ட் தனி ஆளாக சுட்டார் என்பது தீர்ப்பு.

அதோடு சேர்த்து சாட்சியங்களை 26 தொகுதிகளாக அச்சடித்தார்கள். அத்தனையையும் உட்கார்ந்து படித்த ஒரு சிலரில் வைஸ்பெர்க் ஒருவர். சாட்சியம் ஒன்று சொல்கிறது, அறிக்கை வேறு சொல்கிறது என்று அவருக்கு பட்டது. புத்தகமாக எழுதினார். பெயர் ‘ஒயிட்வாஷ்', அதாவது வெள்ளை அடித்தல்.

எந்த பதிப்பகமும் தொடவில்லை. கடன் பட்டு சொந்த செலவில் போட்டார். அச்சு கோர்க்க பணம் ஏது? மனைவி லிலியன் டைப் அடித்த பக்கங்களையே அப்படியே அச்சிட்டார்கள். புத்தகம் பேச்சாக மாறியதும், பெரிய பதிப்பகம் ஒன்று 1966-ல் மலிவு பதிப்பு கொண்டு வந்தது.

ஒன்றை சொல்லியே ஆக வேண்டும். அவர் எழுத்து படிக்க சுலபமானது இல்லை. நீள நீள வாக்கியம், வரிக்கு வரி கோபம். ஆனால் அதை செய்தது இவர்தான், அவர்தான் என்று கதை கட்ட மாட்டார். ஆஸ்வால்ட் தனியாக செய்ததாக நிரூபணம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். மற்றதை எல்லாம் காகிதம் சொல்லட்டும் என்பது அவர் கட்சி. சதிக்கதை எழுதியவர்கள் பலருக்கும் அவரை பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

கோர்ட்டில் குட்டு

நம் நாட்டில் தகவல் அறியும் உரிமை சட்டம் 2005-ல் வந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி சட்டம் 1966-ல் நிறைவேறியது. அதை பிடித்துக்கொண்டார் வைஸ்பெர்க். குண்டு துண்டுகளின் உலோகத்தை எப்.பி.ஐ. ஆய்வு செய்திருந்தது. எல்லா துண்டும் ஒரே துப்பாக்கிக்கு உரிய குண்டுகளில் இருந்து வந்ததா என்று அந்த ரிப்போர்ட்டை பார்த்தால் தெரியும் என்பது அவர் வாதம். எப்.பி.ஐ. தர மறுத்தது. 1970-ல் கேஸ் போட்டார். 1973-ல் அப்பீல் கோர்ட்டில் தோற்றார். புலனாய்வு பைல் என்று சொல்லிவிட்டால் காட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இந்த தோல்விதான் சட்டத்தையே மாற்றியது. இப்படி ஒரு சாக்கு சொல்லி எதையும் மூடலாம் என்றால் சட்டம் எதற்கு என்ற கேள்வி பாராளுமன்றத்தில் எழுந்தது. 1974-ல் திருத்தம் வந்தபோது, வைஸ்பெர்க் கேஸ் தீர்ப்பை மாற்றுவதும் அதன் நோக்கம் என்று செனட் சபையிலேயே பதிவானது. அதை கேட்டு பதிவு செய்ய வைத்த செனட்டர் வேறு யாருமில்லை, செத்துப்போன ஜனாதிபதியின் தம்பி எட்வர்டு கென்னடி.

ஜனாதிபதி போர்டு கையெழுத்து போட மறுத்து திருப்பி அனுப்பினார். இந்த போர்டு யார்? வாரன் கமிஷனில் உறுப்பினராக இருந்த அதே போர்டுதான்! பாராளுமன்றம் மசியவில்லை. நவம்பரில் மறுபடியும் ஓட்டு போட்டு சட்டமாக்கியது.

அதே ஆண்டு இன்னொரு கூத்து. வாரன் கமிஷன் 1964 ஜனவரி 27-ந்தேதி ரகசிய கூட்டம் நடத்தியது. ஆஸ்வால்ட் எப்.பி.ஐ.க்கு தகவல் கொடுத்த ஆள் என்ற வதந்தியை பற்றிய பேச்சு அது. கூட்டக்குறிப்பில் பரம ரகசியம் என்று முத்திரை. ஆனால் போர்டு 1965-ல் எழுதிய சொந்த புத்தகத்தில் அதில் இருந்தே எடுத்து போட்டிருந்தார். பெரிய மனுஷன் புத்தகத்துக்கு ரகசியம் இல்லை, ஜனங்களுக்கு மட்டும் ரகசியம்! வைஸ்பெர்க் கேஸ் நடத்தி அந்த குறிப்பை வாங்கி முழுசாக அச்சிட்டு விற்றார்.

திருத்திய சட்டம் அமலுக்கு வந்த 1975 பிப்ரவரியிலேயே பழைய கேஸை புதுசாக போட்டார். அப்போது ஒரு விஷயம் வெளிவந்தது. டல்லாசில் குண்டு உரசியதாக சொல்லப்பட்ட நடைபாதை ஓரக்கல்லின் சோதனை தகடு காணோம். இடம் மிச்சம் பிடிக்க தூக்கி எறிந்திருக்கலாம் என்று எப்.பி.ஐ. தரப்பில் விளக்கம் சொன்னார்கள். ஜனாதிபதி கொலை கேஸில்!

பக்கத்துக்கு 10 சென்ட்

நகலுக்கு பக்கத்துக்கு 10 சென்ட் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் பக்கம் என்றால் கோழிக்காரர் எங்கே போவார்? 1978-ல் கெசெல் என்ற நீதிபதி, இவருக்கு எப்.பி.ஐ. பைல்களை இலவசமாக கொடுக்க உத்தரவிட்டார். இவர் வாங்கினால் நாட்டுக்கு பயன் என்பதுதான் அதற்கு அடிப்படை. இதற்கு நடுவே, மார்ட்டின் லூதர் கிங் கொலையில் தண்டனை பெற்ற ஜேம்ஸ் எர்ல் ரே தரப்புக்கு விசாரணையாளராகவும் வேலை செய்தார். அந்த பைல்களும் வந்து சேர்ந்தன. மொத்தம் சுமார் 2½ லட்சம் பக்கம்.

அரசு காகிதத்தை திறக்க சட்டம் இருக்கிறது. ஒரு தனி ஆள் வீட்டில் இருப்பதை திறக்க எந்த சட்டமும் இல்லை. பூட்டி வைத்து காசாக்கி இருக்கலாம். தன் ஆட்களுக்கு மட்டும் காட்டி இருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் பலர் செய்வது அதுதான். வைஸ்பெர்க்குக்கோ அது மக்கள் சொத்து, தான் வெறும் காவல்காரன். காலில் ரத்தக்கட்டு வந்து படி இறங்க முடியாமல் போன பிறகும் வந்தவர்களை தடுக்கவில்லை. அவர்களாக இறங்கி, வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட நின்று கண்காணிக்க ஆளில்லை.

இந்த தாராளம் அவருக்கே வினையாக வந்தது. ஜெரால்டு போஸ்னர் என்ற எழுத்தாளர் வந்தார். அவருக்கும் அறை முழுவதும் திறந்து விடப்பட்டது. 1993-ல் போஸ்னர் வெளியிட்ட புத்தகம், ஆஸ்வால்ட் தனியாகத்தான் சுட்டார், கேஸ் முடிந்தது என்று சொன்னது. வைஸ்பெர்க்கையும் விமர்சித்தது. உதவிக்கு நன்றியும் சொல்லி இருந்தது! 80 வயது கிழவர் கொதித்துப்போய் அடுத்த ஆண்டே மறுப்பு புத்தகம் போட்டார். அதன் பெயர் ‘கேஸ் ஓபன்'. ஆனாலும் வீட்டுக்கதவை யாருக்கும் சாத்தவில்லை.

2002 பிப்ரவரி 21-ந்தேதி வைஸ்பெர்க் (வயது 88) வீட்டிலேயே இறந்தார். காகிதம் அத்தனையும் பிரடெரிக்கில் உள்ள ஹுட் காலேஜுக்கு என்று முன்பே முடிவு செய்திருந்தார். அதற்கு விலை பேசவில்லை. பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

காலேஜ் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக போட்டது. எப்.பி.ஐ. பைல், கோர்ட்டு மனு, கடிதங்கள், அச்சாகாத புத்தகங்களின் கையெழுத்துப்பிரதிகள் எல்லாம் அதில் அடக்கம். போஸ்னரை திட்டி பக்கம் பக்கமாக எழுதியதும் சேர்த்துதான்.