கழுதை ஓட்டியவர் அளந்த வானம்

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்

என் அப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷமே மூன்று பாடத்தில் அரியர் விழுந்தது. இங்கிலீஷில் நடத்துவது தலைக்கு மேல் போனது. நமக்கெல்லாம் எதுக்குடா படிப்பு என்று பெட்டியைக் கட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் மில்டன் ஹ்யூமாசனைப் பற்றிப் படித்தேன்.

இவர் 1891-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அப்போது கலிபோர்னியாவில், சுமார் 1,740 மீட்டர் உயரமுள்ள வில்சன் மலைமேல் வானாய்வகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் கோவேறு கழுதைகள்மேல் சாமான் ஏற்றிப்போகும் வேலை இவருக்குக் கிடைத்தது. 1911-ல் அந்த ஆய்வகத்தின் பொறியாளர் மகளையே மணந்தார். 1917-ல் அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தார்.

அதே வருஷம் நவம்பரில் அங்கே 100 அங்குலத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதன் கண்ணாடி மட்டும் 4 டன்னுக்கு மேல்! 1948 வரை உலகிலேயே பெரியது அதுதான். ஹ்யூமாசன் இரவில் வானியலாளர்களுக்கு உதவியாக நின்று, படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். இவருடைய கைத்திறமையைக் கண்டு ஷாப்லி என்ற வானியலாளர் சிபாரிசு செய்தார். பள்ளிப் படிப்பே முடிக்காதவரா என்று சிலர் முணுமுணுத்தும், இயக்குநர் ஹேல் இவரை ஆய்வுக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்.

வேலை லேசானதல்ல. தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மங்கிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பதிக்க வேண்டும். ஒரே தட்டுக்குப் பல இரவுகள் ஆகும். பூமி சுழலச் சுழல, குளிரில் உட்கார்ந்து தொலைநோக்கியைக் குறி தவறாமல் நகர்த்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் அத்தனை இரவும் வீண். லேத்தில் கடைசி கட்டில் ஜாப் கெட்டுப்போன வலி நமக்குத் தெரியாதா என்ன?

நிறமாலையில் உள்ள கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் அந்த மண்டலம் நம்மைவிட்டு விலகுகிறது என்று பொருள். தூரத்தை ஹப்பிள் கணக்கிட்டார். வேகத்தை இவர் அளந்தார். 1929-ல் ஒரு மண்டலத்துக்கு இவர் கண்ட வேகம் விநாடிக்குச் சுமார் 3,800 கிலோமீட்டர். 1931-ல் அது 20,000-ஐ நெருங்கியது. 1936-க்குள் 42,000-ஐ எட்டியது. தூரம் கூடக் கூட வேகமும் கூடியது. பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு அதுவே சான்றானது. விதிக்கு ஹப்பிள் பெயர் வந்தது. ஆனால் அதைத் தூரத்து மண்டலங்கள் வரை நிரூபித்தவை ஹ்யூமாசனின் தட்டுகள்.

சறுக்கலும் உண்டு. 1919-ல் புதிய கோளைத் தேடி இவர் படம் எடுத்தார், ஒன்றும் சிக்கவில்லை. 1930-ல் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்த பிறகு பார்த்தால், இவருடைய தட்டுகளிலேயே அது இருந்தது! அதற்காக இவர் மலையை விட்டு இறங்கிவிடவில்லை.

1950-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1961-ல், ஓய்வு பெற்ற பிறகும், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். 1972-ல் காலமானார்.

நண்பர்களே, அவர் படிப்பை விட்டாரே, நாமும் விடலாமே என்று நினைத்துவிடாதீர்கள். அவர் விட்டது பள்ளிக்கூடத்தை மட்டும்தான். படிப்பை ஒவ்வொரு ராத்திரியும் படித்தார். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். ஏத்தத்துல பாரம் பின்னால சரியும், முன்னால தள்ளிக் கட்டணும் என்று தன் தொழிலைச் சொன்னார். பிறகு பரீட்சைக்குப் பணம் எவ்வளவு கட்டணும் என்று கேட்டார்.

அரியரில் இரண்டை முடித்துவிட்டேன். மீதி ஒன்றை இந்த முறை எழுதுகிறேன்.