எலிகளுக்கு மெட்ராஸ் சாப்பாடு போட்டுப் பார்த்த குன்னூர் டாக்டர்: யார் இந்த ராபர்ட் மெக்காரிசன்?

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் எந்த அரிசிக் கடையில் ஏறினாலும் வாங்க வந்தவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். பளிச்சென்று இருந்தால்தான் 26 கிலோ சிப்பம் வண்டியில் ஏறும். லேசாகப் பழுப்பு தெரிந்தால் கடைக்காரர் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவார்.

அந்த வெள்ளை நிறத்துக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது? இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே நீலகிரி மலையில் உட்கார்ந்து, புறாக்களையும் எலிகளையும் வைத்து ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். அவர்தான் ராபர்ட் மெக்காரிசன். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், குன்னூரில் இவருக்குக் கிடைத்த ஒற்றை அறையிலிருந்து வளர்ந்ததுதான்.

மெக்காரிசன் 1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்துவிட்டு, 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். ஆங்கிலேய ராணுவத்துக்கு டாக்டராக வந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராகவே கணக்கு முடிந்திருக்கும். ஆனால் வேலை கிடைத்த இடம் கில்கிட். இமயமலைக்கு அப்பால், இன்று பாகிஸ்தானின் நிர்வாகத்தில் இருக்கும் பகுதி. அங்கே அவர் கண்ணில் பட்டது தைராய்டு வீங்கிய கழுத்துகள்.

ஒரே கால்வாயை நம்பி, மேலிருந்து கீழாக அடுத்தடுத்து எட்டு கிராமங்கள். மேலே இருக்கும் கிராமத்தில் சுமார் 12 சதவீதம் பேருக்குக் கழுத்து வீக்கம். கீழே இறங்க இறங்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கடைசிக் கிராமத்தில் சுமார் 46 சதவீதத்தைத் தொட்டது. ஒவ்வொரு ஊரின் கழிவும் அடுத்த ஊரின் குடிநீரில் கலந்துகொண்டிருந்தது. சந்தேகம் தண்ணீர் மேல் விழுந்தது.

சந்தேகப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. அந்தத் தண்ணீரில் கிடைத்த வண்டலைத் தானும் குடித்தார், முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. அதே வண்டலைக் கொதிக்கவைத்து இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். அவர்களுக்கு வீங்கவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்று, உடம்பு என்ன செய்கிறது என்று பார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிருமிதான் காரணம் என்ற அவருடைய முடிவு நிலைக்கவில்லை. மலைப்பகுதிக் கழுத்துக் கழலைக்கு அயோடின் குறைபாடுதான் முக்கியக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. சோதனை ஒழுங்காக இருந்தும் விளக்கம் தவறிப்போகலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குன்னூரில் ஒரு அறை

முதல் உலகப்போர் முடியும் நேரத்தில், 1918-ல், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அவருக்கு ஒரு அறை ஒதுக்கப்பட்டது. வேலை, பெரிபெரி நோய் பற்றிய விசாரணை. கால் மரத்துப்போய், வீங்கி, கடைசியில் இதயத்தையே முடக்கிவிடும் நோய் அது. நெல்லை மில்லில் தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து போய்விடும் சத்துதான் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அதற்குள் தெரிந்திருந்தது. இன்று அதற்குப் பெயர் வைட்டமின் பி1.

சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா ஊரிலும் வரவில்லை. வடக்கே தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் அதிகம், தமிழ்ப் பகுதிகளில் அபூர்வம். இரண்டு பக்கமும் சோறுதான் சாப்பாடு, அப்புறம் எப்படி? அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போகாது. யாரும் வைட்டமினை நினைத்து நெல் அவிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் ஒரு நோயைத் தள்ளி நிறுத்தியது.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசி மட்டும் போட்டார். நரம்பு பாதித்து, கழுத்து பின்னால் வளைந்து, நிற்க முடியாமல் விழுந்தன. அது மற்றவர்களும் பார்த்ததுதான். இவர் இறந்த பறவைகளை அறுத்து, அட்ரினல் சுரப்பி முதல் குடல் வரை ஒவ்வொரு உறுப்பையும் பார்த்தார். குரங்குகளுக்கும் சத்து குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தபோது குடல் கெட்டு, வயிற்றுப்போக்கு வந்தது. அதாவது பெரிபெரி என்று பெயர் வைக்கும் அளவுக்கு நோய் முற்றும் முன்பே, உள்ளே உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படத் தொடங்கிவிடுகின்றன. 1921-ல் இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்.

1923-ல் அரசு சிக்கன நடவடிக்கையில் இறங்கியது. ஆய்வு மூடப்பட்டது. மறுபடி உயிர் வந்தது 1925-ல். 1928-ல் அது ஊட்டச்சத்து ஆய்வகம் ஆனது. முதல் இயக்குநர் அவரே.

ஏழு தட்டு, ஏழு எடை

அவரைப் பிரபலமாக்கிய சோதனை இதற்கு அப்புறம் வந்தது. ஒரே வயதுள்ள இளம் எலிகள், குழுவுக்கு 20. கூண்டு, சுத்தம், கவனிப்பு எல்லாம் ஒன்றே. சாப்பாடு மட்டும் வேறு. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதைப்போல ஏழு வகை உணவு. 140 நாள் கழித்து எடை போட்டார்கள்.

சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டாணியர் உணவு 230, மராட்டியர் 225, கூர்க்கா 200, கன்னடர் 185, வங்காளி 180. கடைசி இடம் மெட்ராஸ், 155 கிராம்.

சீக்கியர் தட்டில் முழுக்கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி. மெட்ராஸ் தட்டில் பெரும்பகுதி கழுவித் தீட்டிய அரிசிச்சோறு. பால் பெயரளவுக்குத்தான். வைட்டமின் பி மட்டுமில்லாமல் தரமான புரதமும் வைட்டமின் ஏ-யும் சேர்ந்தே குறைந்தன.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் தென்னிந்தியர் உடம்பே அப்படித்தான் என்று சொல்லத் தோன்றும். ராணுவத்துக்கு ஆள் எடுக்க வீர இனம், சாது இனம் என்று மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வரிசையைப் பார்த்தாலே அந்தக் காலத்து வாசனை அடிக்கும். ஆனால் எலிகளுக்கு சாதி, இனம் கிடையாது. ஒரே கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்தவை. தட்டை மாற்றினால் உடம்பு மாறுகிறது என்றால், குறை பிறப்பில் இல்லை.

இன்னொரு சோதனையில் அவர் தன் சொந்த நாட்டையே உட்காரவைத்தார். ஒரு குழுவுக்கு சீக்கியர் உணவு. மறு குழுவுக்கு ஏழை ஆங்கிலேயர் உணவு: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, ஜாம், டப்பா இறைச்சி, வேகவைத்த காய்கறி. இரண்டாவது குழு சரியாக வளரவில்லை, பராமரிப்பவர்களைக் கடித்தது. 60-வது நாள் வாக்கில் பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்ன ஆரம்பித்தன.

அவருடைய இருப்புக் கூட்டத்தில், நல்ல உணவில் வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்தார். மனிதக் கணக்கில் அது சுமார் 50 வயது. நோய் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. சத்து குறைந்த உணவில் இருந்தவற்றுக்கு நுரையீரல் நோய், வயிற்றுப்புண், சிறுநீர்ப்பைக் கல் என்று வரிசையாக வந்தது.

எலி மனிதன் இல்லை. 155 கிராம் என்பது தமிழர் எல்லோருடைய தட்டின் மதிப்பெண்ணும் இல்லை. கம்பும் கேழ்வரகும் மீனும் சாப்பிட்ட தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கூண்டில் இடம்பெறவே இல்லை. கில்கிட்டில் இருந்தபோது ஹுன்சா மக்களின் ஆரோக்கியம் பற்றி அவர் எழுதியதும் பின்னால் பலர் வாயில் ஊதிப் பெருத்து, 120 வயது வாழும் அதிசய மனிதர்கள் என்று இன்றுவரை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

சாப்பாட்டோடு நிற்காமல் அது விளையும் மண்ணுக்கும் போனார். கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத் நடத்திய உரச் சோதனைகளில் விளைந்த தானியத்தை வாங்கி விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொழுவுரம் போட்ட தானியத்தில் சத்து அதிகம் என்பது அவர் கண்டது. இயற்கை விவசாயத்தை ஆதரிப்பவர்கள் இவர் பெயரை இன்னும் விடாமல் சொல்வது இதனால்தான். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

1933-ல் சர் பட்டம் வந்தது. 1935-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருஷம் லண்டனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் குன்னூர் எலிகள்தான் சாட்சி. பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

குன்னூரில் அவர் இடத்துக்கு வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். ஆய்வகம் 1958-ல் மலையிறங்கி ஐதராபாத் போனது. மெக்காரிசன் 1960 மே 18-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். ஆய்வகத்துக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற இன்றைய பெயர் 1969-ல் வந்தது. முதல் அறையைக் கொடுத்த பாஸ்டர் நிலையம் இப்போதும் குன்னூரிலேயே இருக்கிறது.