பொருளும் அறமும்: அநகாரிக தர்மபாலர் வாழ்க்கை



பொருள் தேடுவோன் அறநெறியில் நிற்க இயலுமா என்னும் வினா நம் மக்களிடையே ஓயாது எழுவதொன்று. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் புத்தூரிலும் தறியோட்டிப் பிழைக்கும் அன்பர்கள் எம்மிடம் கேட்பதும் இதுவே. கூலி கைக்கு வருமுன்னே அரிசிக் கடைக்கும் வட்டிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பங்கு போய்விடுகிறது. எஞ்சிய சில்லறையை வைத்துக்கொண்டு தானமென்றும் தியானமென்றும் பேசுவது ஏழைக்கு ஏற்குமோ என்பர் சிலர். பணத்தை எண்ணிய கையாற் பகவன் திருமுன்னர் மலரிடலாமோ என்று ஐயுறுவர் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் ஏட்டினின்று விடை கூறுதலினும் ஒருவர் வாழ்க்கையினின்று விடை கூறுதல் நன்று. ஆதலின், பணத்தை நிரம்பக் கையாண்டும் அதனிற் பற்றின்றி வாழ்ந்த அநகாரிக தர்மபாலரின் வரலாற்றைச் சுருங்கக் கூறத் துணிந்தோம்.

தர்மபாலர் 1864-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டான் டேவிட் ஹேவாவிதாரண என்பது. தந்தையார் டான் கரோலிஸ் மரச்சாமான் வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர். தாயார் மல்லிகா அம்மையாரும் வணிகர் குலத்தவரே. அவ்வம்மையாரின் தந்தை அளித்த நிலத்தில்தான் 1873-இல் மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவேனா என்னும் பௌத்தக் கல்லூரி எழுந்தது. அதன் தலைவராய் வீற்றிருந்தவர் இக்கடுவை சுமங்கல நாயக தேரர். அத்தேரரிடமே நம் பண்டித அயோத்திதாசர் 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றனர். எங்கோ ஒரு வணிகர் மனமுவந்து ஈந்த மண், கால் நூற்றாண்டு கழித்துத் தமிழ்ப் பௌத்தருக்கும் பயன்பட்டவாறு காண்க. தானத்தின் பலன் ஈந்தவன் கண்முன்னே முடிந்துவிடுவதன்று.

இளமையில் அவர் கிறிஸ்தவப் பள்ளிகளிற் பயின்றார். 1884-இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார்; அவ்வம்மையார் தூண்டப் பாலிமொழி கற்கத் தொடங்கினார். பின்னர்க் கல்வி இலாகாவில் எழுத்தர் வேலை வாய்த்தது. வீட்டிலோ செல்வம்; அலுவலிலோ நிலையான ஊதியம். மூத்த மகனாதலின் வாணிகம் முழுதும் அவர் கைக்கு வரவேண்டியதே. அவரோ இல்லறம் வேண்டாவென்று பிரமசரியம் பூண்டு, வீட்டை விட்டு நீங்க இசைவு கேட்டார். தம்பியரை யார் காப்பரெனத் தந்தையார் கலங்கினார். ஒவ்வொருவரையும் அவரவர் கருமமே காக்குமென்று மகன் விடை கூறினார். தந்தையார் மனந்தேறி இசைந்தார். இசைந்ததோடமையாது பிற்காலத்திற் பணமும் அனுப்பி மகனுடைய தொண்டைத் தாங்கினார். துறந்த மகனும் துறவாத தந்தையும் ஒரே அறத்தை இருபுறமிருந்து சுமந்தனர்.

1886-இல் கர்னல் ஆல்காட் துரையுடன் மாட்டு வண்டியேறி ஊர்ஊராகச் சென்று பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டினார். அரசாங்க வேலையையும் துறந்தார். மேசை நாற்காலி விற்ற பணத்தில் வளர்ந்த பிள்ளை, கிராமத்தார் கொடுக்கும் செப்புக் காசுக்குக் கையேந்தினார். ஒவ்வொரு காசுக்கும் பின்னே ஒருவருடைய வியர்வை இருப்பதை அந்த வண்டிப் பயணம் அவருக்குக் கற்பித்திருக்குமென்று யாம் எண்ணுகிறோம்.

1891-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் அவர் புத்தகயை சேர்ந்தார். உலகனைத்தும் போற்றும் போதிமரத்தடி பராமரிப்பாரின்றிக் கிடந்தது. கோவில் சைவ மகந்தர் ஒருவரது உடைமையாயிருந்தது. அத்தலத்தை மீட்டுப் பௌத்தர் கையில் ஒப்புவித்தாலன்றி ஓய்வதில்லையென உறுதி பூண்டார். அவ்வாண்டு மே 31-இல் கொழும்பில் மகாபோதி சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு கல்கத்தாவில் இருந்துகொண்டு அச்சங்கத்தின் பெயரால் ஆங்கிலத் திங்களிதழ் தொடங்கினார். உண்பதா, இதழ் அனுப்பத் தபால் தலை வாங்குவதா எனத் திகைத்த நாள்கள் அவருக்கு உண்டு என்பர்; அந்நாள்களில் தபால் தலையே வென்றதாம். புத்தகயைக்காக நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. அதற்கும் பணம் வேண்டியிருந்தது. அறத்துக்கு மனம் மட்டும் போதுமெனில் அவ்வழக்கை யார் நடத்தியிருப்பர்? தாளுக்கும் மைக்கும் வழக்குரைஞருக்கும் விலையுண்டு.

1893-இல் சிகாகோ நகரத்துச் சர்வ சமயப் பேரவையிற் பௌத்தத்தின் சார்பிற் பேசினார். திரும்புங்கால் கப்பல் ஹவாய்த் தீவின் ஹொனலுலுத் துறையில் நின்றது. அப்போது அவரைக் காணவந்தவர்களுள் மேரி ஃபாஸ்டர் அம்மையார் ஒருவர், 1844-இற் பிறந்தவர், தாய்வழியில் ஹவாய்க் குலத்தினர், கணவரை இழந்தவர், பெருஞ்செல்வர். செல்வம் இருந்தும் சினம் அவரை வாட்டியது. அடக்கவொண்ணாத கோபத்துக்கு என்ன மருந்தென்று இளந்துறவியைக் கேட்டார். தர்மபாலர் மனத்தை அடக்கும் முறையைச் சில சொற்களில் எடுத்துரைத்தார். அம்மையார் அதைப் பயின்று பயன் கண்டார். அன்று அவர் ஒரு காசும் கேட்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலிற் சென்றது தர்ம தானம். பொருட்டானம் பின்னர்த் தானே வந்தது.

1906-இல் தந்தையார் காலமானபின் தர்மபாலருக்குத் துணையாய் நின்றவர் இவ்வம்மையாரே. ஆண்டுதோறும் பொருள் அனுப்பினார். அவர் தம் வாழ்நாளில் ஈந்த தொகை பல இலட்ச ரூபாய். அக்கொடையினால் கொழும்பில் ஏழைகட்கு இலவச மருத்துவமனை அமைந்தது. கல்கத்தாவில் தர்மராஜிக சைத்திய விகாரை 1920-இல் திறக்கப்பட்டது. இங்கு நம் ஆந்திர நாட்டார் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்விகாரையில் வைக்கப்பெற்ற புனித தாது, கிருஷ்ணை ஆற்றுப்புறத்துப் பட்டிப்புரோலுத் தூபத்தினின்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஹவாய்த் தீவின் பொருளும் ஆந்திர மண்ணின் தாதுவும் வங்க நகரத்தில் ஒன்றுகூடின.

கோவில் கட்டுவதோடு தர்மபாலர் நின்றாரல்லர். அவர் முயற்சியால் 1906-இல் கொழும்பை அடுத்த ராஜகிரியாவில் ஒரு நெசவுப் பள்ளி தோன்றியது. ஜப்பானுக்கு மாணவரை அனுப்பித் தொழில் கற்றுவரச் செய்தார். இது தறிக்காரராகிய நமக்கு மிக நெருங்கிய செய்தி. பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோறிடுவது தானமே. அவன் தன் கையால் நாள்தோறும் உண்ணும்படி தொழில் கற்பிப்பதும் தானமே. ஆலையிற் பல்லாண்டு தறிமுன் நின்று வயிறு வளர்த்த யாம் இதனை நன்கறிவோம். எமக்கு இழை முடியக் கற்பித்த மூத்த தொழிலாளியின் ஈகை எம் ஆயுள் முழுதும் சோறிட்டது. அதற்கு அவர் செலவிட்டது ஒரு பிற்பகல்.

பெரியோர் வரலாற்றைக் கூறுங்கால் குறையை மறைத்தல் சத்தியத்துக்கு ஒவ்வாது. தர்மபாலர் தம் தாய்நாட்டில் எழுதியும் பேசியும் வந்தவற்றுட் பிற சமயத்தாரையும் பிற இனத்தாரையும் புண்படுத்தும் கடுஞ்சொற்கள் உண்டு. தமிழராகிய நாம் அவற்றை ஏற்பதற்கில்லை. ஹொனலுலுவில் ஓர் அம்மையாருக்குச் சினமடக்கக் கற்பித்தவர் தம் நாவைச் சில வேளை அடக்கினாரல்லர். பொருளாசையை வென்றவரும் சொல்லிற் சறுக்கலாம் என்பதை இதனால் அறிகிறோம். அன்னப்பறவை நீரை ஒழித்துப் பாலைக் கொள்வதுபோல், பணத்தின்பால் அவர் நின்ற நிலையை மட்டும் இங்குக் கொள்வோம்.

அந்நிலை யாது? அவர் பூண்ட அநகாரிகர் என்னும் பெயருக்கு வீடற்றவர் என்பது பொருள். மனைவி மக்கள் இலர். இலட்சங்கள் அவர் கைவழியே சென்றன, கையில் ஒட்டவில்லை. தானம் தந்தோர் பெயரும் தொகையும் சங்கத்தின் இதழில் அச்சாயின. 1930-இல் தம் பொறுப்பிலிருந்த சொத்தைத் தரும நம்பிக்கைப் பத்திரமாக எழுதிவைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஃபாஸ்டர் அம்மையார் மறைந்தார். 1931 நவம்பரில் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டது. பகவன் முதன்முதல் அறவாழி உருட்டிய தலம் மீண்டும் விளங்கிற்று. அவ்வாண்டிலேயே தர்மபாலர் துவராடை புனைந்தார். 1933 ஜனவரியில் உபசம்பதை பெற்று, ஏப்ரல் 29-இல் சாரநாத்திலேயே உயிர் நீத்தார். புத்தகயைக் கோவிலின் நிருவாகத்திற் பௌத்தருக்குப் பங்களிக்கும் சட்டம் 1949-இல் தான் வந்தது. அதைக் காண அவர் இல்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். நாம் அநகாரிகர் அல்லோம். மனையும் மக்களும் உடையோம். இல்லறத்தார்க்குப் பகவன் பொருளை விலக்கினாரல்லர். சிகாலன் என்னும் இளைஞனுக்கு உபதேசிக்குங்கால், வருவாயை நான்காக வகுத்து, ஒரு பங்கை வாழ்வுக்கும், இரு பங்கைத் தொழிலுக்கும், ஒரு பங்கை ஆபத்துக் காலத்துக்கும் வைக்குமாறு கூறினார். கோலியர் நாட்டுத் தீகசாணுவுக்கு, முயன்று ஈட்டுதல், ஈட்டியதைக் காத்தல், நல்லோரைச் சேர்தல், வரவறிந்து வாழ்தல் என நான்கு அறம் உரைத்தார். கள்ளும் சூதும் பொருளை வடியவிடும் மடைவாய்கள் என்றும் எச்சரித்தார். ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தை விலக்கினார். கடனின்றி இருப்பதை இல்லறத்தான் எய்தும் இன்பங்களுள் ஒன்றாக எண்ணினார். ஆகவே, வட்டிக்குக் கடன் வாங்கித் தானம் செய்வது பௌத்த நெறியன்று. மனைவி மக்கள் பட்டினி கிடக்க ஊருக்கு விருந்திடுவதும் அன்று. முதலிற் கடனைத் தீர்ப்பதும் சீலமே.

அங்ஙனமாயின் ஏழை எதைக் கொடுப்பது? நம் ஊர் வழியே திருப்பதிக்குச் செல்வோர் மஞ்சள் துணியிற் காசு முடிந்து, நேர்ந்துகொண்டபடி உண்டியலில் இடுவதை அறிவோம். அவர் பக்தியை இகழ்தல் நமக்கு அழகன்று. மஞ்சள் துணியில் நாள்தோறும் ஒரு காசு முடியும் அவர் ஒழுங்கை நாமும் கற்கலாம். ஆயினும் வேண்டுதலுக்கு ஈடாகக் கொடுப்பது வேறு. ஒன்றையும் வேண்டாது கொடுப்பது வேறு. பின்னதே தானமென்பது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு ஒரு பைசாத் தமிழன் என்றே பெயர். விலையும் ஒரு பைசாவே. கோலார் தங்கவயலிற் சுரங்கத்துட் சென்று உழைத்த எளிய மக்கள் அதனைத் தாங்கி நின்றனர். ஃபாஸ்டர் அம்மையாரின் இலட்சத்தையும் சுரங்கத் தொழிலாளியின் பைசாவையும் எடைபோட்டுப் பார்க்கும் தராசு எம்மிடம் இல்லை.

தறியிற் பாவு மட்டும் இருந்தால் துணியாகாது. ஊடை மட்டும் இருந்தாலும் ஆகாது. ஈட்டுதல் பாவு, ஈதல் ஊடை. இரண்டும் சேர்ந்தபோதே இல்லறம் நெய்யப்படும். ஆகவே அன்பர்காள், இவ்வாரக் கூலி வந்ததும் கணக்கு நோட்டில் வீட்டுச் செலவு, கடன், சேமிப்பு என எழுதியபின் கீழே தானம் என்று ஒரு வரி எழுதுங்கள். தொகை சிறிதாயினும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகமாகவோ, நோயுற்ற தோழருக்கு ஒரு வேளைக் கஞ்சியாகவோ, தொழில் கற்க வந்த சிறுவனுக்கு ஒரு பிற்பகலாகவோ அவ்வரி நிறைவேறட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!