மைசூருக்கு வராமல் போன கார் தொழிற்சாலை

மைசூர் லட்சுமிபுரம், சாமராஜபுரம் பக்கத்து பழைய வீடுகளின் முன்னால் இன்றும் சில பியட் கார்கள் நிற்கின்றன. சில ஓடுகின்றன, சில துணி போர்த்தி நிற்கின்றன. இத்தாலியில் பிறந்த இந்தக் காரை இந்தியாவில் செய்ய வழி வகுத்தவர் வால்சந்த் ஹீராசந்த். கப்பல், விமானம், கார் மூன்றிலும் கை வைத்த தொழிலதிபர் இவர். அவருடைய கார் தொழிற்சாலை நம் மைசூர் சமஸ்தானத்தில் அமைய வேண்டியது. அது ஏன் பம்பாய்க்குப் போயிற்று என்பது பலருக்குத் தெரியாது.

ரெயில்வே குமாஸ்தாவுடன் கூட்டு

வால்சந்த் 1882-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்தில் இருந்து வந்து குடியேறிய ஜைன வியாபாரக் குடும்பம். தந்தை ஹீராசந்த் பருத்தி வியாபாரமும் வட்டிக் கடையும் நடத்தி வந்தார். வால்சந்த் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்து விட்டார். பள்ளிப் படிப்பை சோலாப்பூரில் முடித்து, பம்பாயிலும் புனாவிலும் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்கவில்லை. பாதியில் விட்டு விட்டு, குடும்ப வியாபாரத்துக்குத் திரும்பினார்.

பருத்தி அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் லட்சுமண்ராவ் பாட்டக் என்பவருடன் பழக்கம் ஏற்பட்டது. பாட்டக் ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, வேலையை விட்டு காண்டிராக்டில் இறங்கியவர். எந்த வேலைக்கு எவ்வளவு மண், எவ்வளவு கல், எவ்வளவு கூலி என்பது அவருக்கு அத்துப்படி. பணம் மட்டும் கிடையாது. வால்சந்திடம் குடும்பப் பணம் இருந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்து பார்சி லைட் ரெயில்வேயில் பாதை போடும் வேலையை எடுத்தார்கள். இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதை அது. பெரிய முதலாளி என்று பிற்காலத்தில் பெயர் எடுத்தவரின் முதல் வருமானம் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டில் இருந்துதான் வந்தது. ரெயில்வே ஆபீசில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு வேலைகள் தொடர்ந்து வந்தன. போர் காட் மலையில் ரெயில் சுரங்கப்பாதைகள், தான்சா ஏரியில் இருந்து பம்பாய்க்குக் குடிநீர்க் குழாய், சிந்து நதியிலும் பர்மாவில் ஐராவதி நதியிலும் பாலங்கள் என்று அவருடைய கம்பெனிகள் கட்டின. 1926-ல் இந்துஸ்தான் கன்ஸ்டிரக்ஷன் கம்பெனி பிறந்தது.

கடலில் ஒரு கப்பல்

1919-ல் குவாலியர் மகாராஜா சிந்தியாவின் கப்பல் ஒன்று விலைக்கு வந்தது. உலகப் போரில் ஆஸ்பத்திரிக் கப்பலாக ஓடியது அது. வால்சந்தும் நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களும் சேர்ந்து அதை வாங்கினார்கள். அதன் பெயர் லாயல்டி. அந்த ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி அது பம்பாயில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்தும் அதில் ஏறிப் போனார். அந்த நாளைத்தான் தேசியக் கடல்வழி தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

இதுவும் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய கப்பலை வாங்கினால் என்னென்ன செலவு வரும் என்பதை வால்சந்த் அந்தப் பயணத்திலேயே தெரிந்துகொண்டார். கப்பல் லாபம் தரவில்லை. ஆங்கிலக் கப்பல் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டிக்கு வந்தன. சிந்தியா கம்பெனி அதையும் தாங்கி நின்றது. பிறர் விற்கும் கப்பலை வாங்கிக்கொண்டே இருந்தால் போதாது, நாமே கட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு 1941-ல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டிய ஜல உஷா கப்பலை 1948 மார்ச் 14-ந் தேதி பிரதமர் நேரு கடலில் இறக்கி வைத்தார்.

மைசூரில் கார்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

மைசூர் திவானாக 1912 முதல் 1918 வரை இருந்த சர் எம். விசுவேசுவரய்யா, பதவியை விட்ட பிறகும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மோட்டார் கார் தொழிற்சாலை அமைக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. 1935-ல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் கார் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து வந்தார். திட்டமும் தீட்டினார். அதை நடத்திக் காட்ட முதலாளி வேண்டும். வால்சந்த் முன்வந்தார்.

இடம் எங்கே? மைசூர் சமஸ்தானம் என்றால் காரணங்கள் இருந்தன. சிவசமுத்திரத்தில் 1902-ம் ஆண்டு முதலே மின்சாரம் உற்பத்தியாகி வந்தது. பத்ராவதியில் இரும்பு ஆலை இருந்தது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் தொழில்களை வரவேற்பவர். கார் செய்ய வேண்டிய மின்சாரம், இரும்பு, அரசாங்க ஆதரவு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

வால்சந்த் 1939-ல் அமெரிக்கா போனார். ஃபோர்டு நிறுவனத்துடன் பேசிய பேச்சு பலிக்கவில்லை. 1940-ல் கிரைஸ்லர் நிறுவனம் உதவ ஒப்புக்கொண்டது. மைசூர் அரசாங்கமும் பங்கெடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் டெல்லியில் இருந்த பிரிட்டிஷ் சர்க்கார் குறுக்கே நின்றது. போர்க் காலத்தில் கார் தொழிற்சாலை வேண்டாம், சமஸ்தானம் இதில் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. சமஸ்தானத்துக்கு மேலிடத்தை மீற வழி இல்லை. விசுவேசுவரய்யாவின் கனவு அத்துடன் நின்றது. போருக்கு ஆயிரக்கணக்கான லாரிகள் தேவைப்பட்ட நேரத்தில், லாரி செய்ய முன்வந்தவர்களைத் தடுத்தது வேடிக்கையான நியாயம்தான்.

ஆனால் அந்த அமெரிக்கப் பயணம் வீண் போகவில்லை. திரும்பும் வழியில் விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார் வால்சந்த். பாலி சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். பேச்சு காரில் இருந்து விமானத்துக்குத் தாவியது. விமானம் என்றதும் சர்க்காரின் போக்கு மாறியது. ஜப்பான் பயம் வந்து விட்டது. மைசூர் அரசாங்கம் பெங்களூரில் 700 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1940 டிசம்பர் 23-ந் தேதி இந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பதிவாயிற்று. கார் கேட்ட மைசூருக்கு விமானம் கிடைத்தது. 1942-ல் வால்சந்தின் பங்கை இந்திய சர்க்கார் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. அதுதான் இன்றைய ஹெச்.ஏ.எல். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பெங்களூரிலேயே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

குர்லாவில் இருந்து வந்த பியட்

வால்சந்த் காரை மறக்கவில்லை. 1944-ல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியை பம்பாயில் தொடங்கினார். குர்லாவில் தொழிற்சாலை எழும்பியது. 1947-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களும் லாரிகளும் அங்கே பூட்டப்பட்டு வெளிவந்தன. அவை பெரிய அமெரிக்க வண்டிகள். பெட்ரோலை நிறையக் குடிப்பவை. சாதாரணக் குடும்பங்களுக்கு ஏற்ற சின்னக் காருக்காக இத்தாலியின் பியட் நிறுவனத்துடன் உறவு ஏற்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் பியட் 500 என்ற குட்டிக் கார் வந்தது.

இதற்குள் வால்சந்தின் உடல்நிலை கெட்டு விட்டது. பக்கவாதம் தாக்கி, 1950-ல் தொழில்களில் இருந்து ஒதுங்கினார். 1953 ஏப்ரல் 8-ந் தேதி குஜராத்தில் உள்ள சித்பூரில் காலமானார். அவர் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு போன பியட் 1100 அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

தம்பி லால்சந்த் கம்பெனியை நடத்தினார். 1100 பல பெயர்களில் ஓடியது. 1970-களில் பிரிமியர் பிரசிடெண்ட் என்றும், 1974-ல் பத்மினி என்றும் மாறியது. 1089 சி.சி. என்ஜின், சுமார் 40 குதிரைத் திறன், ஸ்டீயரிங் கம்பத்தில் கியர். பணம் கட்டினாலும் கார் உடனே கிடைக்காது. ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய பியட்டுக்குப் புதிய காரின் விலையை விட அதிக விலை கேட்டார்கள், கொடுத்தும் வாங்கினார்கள். வாங்குபவர் முதலில் பார்த்தது வண்டியின் அடிப்பாகம் துரு பிடித்திருக்கிறதா என்பதைத்தான். அடுத்தது, ஏற்றத்தில் சூடாகிறதா என்பது. மைசூரில் அதற்குச் சாமுண்டி மலையை விடச் சிறந்த பரீட்சை கிடையாது.

சின்னக் கார், பெரிய வேகம்

பத்மினி 2000-ம் ஆண்டு வாக்கில் நின்றது. பம்பாயில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்ந்தது. ஆனால் குர்லாவின் கதை அதோடு முடியவில்லை. பியட் நிறுவனமே அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. 2001-ல் அங்கிருந்து பாலியோ வந்தது. பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கார். அதில் 1.6 லிட்டர் என்ஜின் வைத்த ரகம் 100 குதிரைத் திறன் கொண்டது. பத்மினியைப் போல் இரண்டரை மடங்கு! வேகப் பிரியர்கள் மொய்த்தார்கள். 2015-ல் மராட்டியத்தின் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் இருந்து வந்த புண்டோ அபார்த் 145 குதிரைத் திறன் காட்டியது. பிறகு பியட் பெயரில் கார் விற்பனை 2020 வாக்கில் இந்தியாவில் முடிந்து விட்டது.

இப்போது இந்த வண்டிகள் எல்லாம் பழைய கார் சந்தையில்தான். விலை மலிவு. ஆனால் மலிவைப் பார்த்து மயங்கக் கூடாது. பாலியோ 1.6 வாங்குபவர் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று பில்லைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்து என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். டீசல் பியட்டுகளில் இருந்த 1.3 லிட்டர் என்ஜின் மாருதி ஸ்விப்டிலும் இருந்ததால், அதற்கு மெக்கானிக்கும் சாமானும் சுலபமாகக் கிடைக்கும். பாலியோவின் பெட்ரோல் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. சாமான் தேடி பெங்களூர், பம்பாய் என்று அலைய வேண்டும். பெட்ரோலையும் தாராளமாகக் குடிக்கும்; மாதச் சம்பளக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

காகிதமும் முக்கியம். முதல் சொந்தக்காரரின் பெயரில் இருந்து ஆர்.சி. புத்தகம் முறையாக மாறி வந்திருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருக்கக் கூடாது. 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்து, தகுதிச் சான்று வாங்க வேண்டும். பாலியோக்கள் எல்லாமே அந்த வயதை எட்டி விட்டன. விற்பவர் இதையெல்லாம் முடித்துத் தருவதாக வாயால் சொன்னால் போதாது. பெயர் மாற்றும் 29, 30-ம் எண் படிவங்களில் அவருடைய கையெழுத்து விழுந்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.