நல்லாசானாய் விளங்கிய சுவாமி விபுலாநந்த அடிகளார்

மீன்பாடும் தேனாடாம் மட்டக்களப்பின் தென்பால் அமைந்த காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மைந்தனாக மயில்வாகனம் அவதரித்தார். இவரே பின்னாளில் முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்த அடிகளார் எனப் போற்றப்பட்டவர்.

பாடசாலையொன்றை நடத்துவதற்கு நூலறிவு மாத்திரம் போதாது. கணக்கறிவும், மொழியறிவும், கலையறிவும், பிறர் துயர் உணரும் உள்ளத்தறிவும் வேண்டும். இவை யாவும் ஒருவரிடத்தே கூடுதல் அரிது. அடிகளாரிடம் அவை கூடியிருந்தன.

1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். தமிழுக்காக விஞ்ஞானத்தையோ, விஞ்ஞானத்துக்காகத் தமிழையோ கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்றானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகப் பணியாற்றிய அவர், 1922இல் அப்பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடம் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார்.

தாயகம் திரும்பிய அடிகளார், மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணப் பகுதிகளிலே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லமும் அமைத்தார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது. இதை உணர்தலும் அதிபருக்குரிய அறிவேயாகும்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானபோதும், அருகிலிருந்த திருவேட்களத்திலே ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். உயர்ந்த அப்பதவியிலும் நிலைத்திராது, 1933இல் அதனை விட்டு மீண்டும் பாடசாலைப் பணிக்கே வந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இசையும் கணிதமும் இணைந்த அவரது யாழ்நூல் 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே அரங்கேறியது. அடுத்த மாதம், யூலை 19ஆம் நாள், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி, அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே உள்ளது.

அடியார்களே, நம் பிள்ளைகளைப் பரீட்சைப் புள்ளியால் மாத்திரம் அளவிடாதிருப்போம். கணக்கில் வல்ல பிள்ளையும், பண்ணிசையில் வல்ல பிள்ளையும், பிறர் துயர் கண்டு இரங்கும் பிள்ளையும் அறிவுடைய பிள்ளைகளே. நாளைய நல்லதிபர்கள் இவர்களிலிருந்தே தோன்றுவர். அதற்கு எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.