தூய உணவுக்குப் போராடிய வைலி

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில், உழவர் குடும்பமொன்றில், 1844ஆம் ஆண்டு பிறந்தார் ஹார்வி வாஷிங்டன் வைலி. மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றாராயினும், அவர் உள்ளம் வேதியியலையே நாடியது. பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், 1883ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலரானார்.

அக்காலத்தில் உணவுப்பொருள்கள் ஆலைகளில் பதப்படுத்தப்பெற்றுத் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்றன. இறைச்சி கெடாதிருக்க வெண்காரம் கலந்தனர். பால் திரியாதிருக்கப் பார்மால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளைச் சேர்த்தனர். தகரக் குவளையில் அடைத்த பட்டாணி பசுமையாகத் தோன்ற மயில்துத்தம் இட்டனர். உண்பவருக்கோ தாம் உண்பது இன்னதென்று தெரியவில்லை. சிறிதளவு கலப்பதால் தீங்கில்லை என்றனர் வணிகர். அச்சிறிதளவு நாள்தோறும் உடலிற் சேர்ந்தால் விளைவு யாதாகும் என்பதை ஆராய்ந்தறிய வைலி முனைந்தார்.

1902ஆம் ஆண்டின் இறுதியில், வாஷிங்டன் நகரில் தம் அலுவலகத்தின் அடித்தளத்தில் உணவறை ஒன்றை அமைத்தார். இளைஞர் பன்னிருவர் தாமே முன்வந்தனர். முதலில் அவர்களுக்குத் தூய உணவும், பின்னர் வெண்காரம் கலந்த உணவும் அளிக்கப்பட்டன. வெண்ணெயில் அது கலந்திருப்பதை உணர்ந்த இளைஞர் வெண்ணெயைத் தொடாது விட்டனர். ஆகவே, வைலி அதனைக் குளிகைகளில் அடைத்துக் கொடுத்தார். அவர்களுடைய எடையும் வெப்பமும் நாடித்துடிப்பும் தவறாது குறிக்கப்பட்டன. வெண்காரத்தின் அளவு மிகுந்தபோது பசி குன்றிற்று. தலைநோவும் வயிற்றுவலியும் தோன்றின. நச்சுப் படை என்று செய்தித்தாள்கள் அவ்விளைஞரை நகைச்சுவையாக அழைத்தன. எனினும், அதனால் உணவிற் கலக்கும் பொருள்களைப் பற்றி நாடெங்கும் மக்கள் பேசலாயினர்.

மகளிர் சங்கங்கள் வைலிக்குத் துணைநின்றன. 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், தூய உணவு, மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

சட்டம் பிறந்தது, ஆனால் போராட்டம் ஓயவில்லை. வைலி விலக்கிய பென்சோயேட்டு உப்பு, சிறிதளவில் தீங்கற்றது என்று வேறோர் அறிஞர் குழு கூறியது. அளவு வரையறையோடு அதனை இன்றும் உணவிற் சேர்க்கின்றனர். அவர் முடிவுகள் யாவும் நிலைபெறவில்லை. ஆயினும், உண்ணும் பொருளில் என்ன கலந்துள்ளது என்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் அவர் கொள்கை நிலைபெற்றது.

மேலதிகாரிகள் தம் பணிக்குத் தடையாயினமையால், 1912ஆம் ஆண்டில் வைலி பதவியைத் துறந்தார். பதவி போயினும் பணியை விடவில்லை. இதழ்களில் எழுதி மக்களை விழிப்புறச் செய்தார். சட்டம் பிறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 1930ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அவர் மறைந்தார். இன்று உணவுப் பொதிகளின்மேல் சேர்மானங்களைப் படித்து வாங்குவோர் யாவரும் அவர் உழைப்பின் பயனை நுகர்பவரே ஆவர்.